வீதியைக் கடக்க முடியாதவர்கள் – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் கல்முனையைச் சேர்ந்தவன். மட்டக்களப்பில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். சென்ற மாதம் கிரான்குளத்தில் பொலிஸார் வேகம் அளக்கும் கருவியோடு நின்று என்னை மறித்தார்கள். 50 கிலோமீற்றர் எல்லைக்குள் 70இல் வந்ததாகச் சொல்லித் தண்டப்பணச் சீட்டு எழுதித் தந்தார்கள். நல்ல காபட் வீதி, பகல் நேரம், எதிரே ஒரு வாகனமும் இல்லை. இனிக் கமராக்களும் பூட்டப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். இது அரசாங்கம் காசு சேர்க்கும் வழி என்றே எனக்குத் தோன்றுகிறது. கமராவினால் உண்மையில் விபத்துக் குறையுமா? கட்டாக்காலி மாடுகளும், பார்க்காமல் குறுக்கே வருகின்ற சனங்களும் அல்லவா விபத்துக்குக் காரணம்? வெளிநாடுகளில் 120இல் ஓடுகிறார்களே?

ச., கல்முனை

அன்புள்ள தம்பி,

நீங்கள் குறிப்பிடும் அதே வீதியைப் பற்றியே சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே உங்கள் கடிதத்தைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கமராவைப் பற்றிய கேள்விக்கு விடை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைத் திரட்டி, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2010இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. கமரா இருந்த இடங்களின் சுற்றுவட்டத்தில், மரணமும் கடும் காயமும் விளைவித்த விபத்துகள் 11 முதல் 44 வீதம் வரை குறைந்திருந்ததாக அது சொல்கிறது. பிரான்சில் 2003இன் இறுதியில் தானியங்கிக் கமராக்கள் வந்தன. அங்கே 2002இல் 7,000க்கு மேல் இருந்த வீதி மரணங்கள் 2010இல் 4,000க்குக் கீழே இறங்கின. மது, இருக்கைப் பட்டி ஆகியவற்றின் மீதான கண்டிப்பும் அதே காலத்தில் கூடியதால் முழுப் பெருமையையும் கமராவுக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் அதன் பங்கை மறுப்பதற்கில்லை.

நம் ஊரில் அது எந்த அளவுக்கு உதவும் என்பது வேறு விடயம். ஓந்தாச்சிமடத்தில் பொலிஸார் நின்றால், எதிரே வருகிறவர்கள் விளக்கை அடித்துக் காட்டி அரைக் கட்டைக்கு முன்பே நம்மை எச்சரித்துவிடுகிறார்கள். அந்த இடத்தைத் தாண்டியதும் பழைய வேகம் திரும்பிவிடுகிறது. ஒரே இடத்தில் நிற்கும் கமராவுக்கும் இந்தக் கதியே நேரும். இரண்டு இடங்களில் வாகன இலக்கத்தைப் படித்து, இடையில் எடுத்த நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறையே இதற்கு ஏற்றது. காசு சேர்க்கும் வழி என்கிறீர்கள். எல்லைக்குள் ஓடுகிறவரிடமிருந்து எந்த அரசாங்கமும் ஒரு சதமும் வாங்க முடியாது என்பதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எதுவுமில்லை. 120இல் ஓடுவது வேலியடைத்த நெடுஞ்சாலைகளில்; அங்கே ஒருவரும் கையில் உமலைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடப்பதில்லை. மாடுகளைக் கட்டி வளர்க்காத உரிமையாளர்கள் மீது எனக்கும் கோபம் உண்டு.

ஆனால் "பார்க்காமல் குறுக்கே வருகின்ற சனங்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. தம்பி, அந்தச் சனங்கள் யார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? அக்கரைப்பற்றிலிருந்து கல்லடிப் பாலம் வரை, இடையில் சில வயல்வெளிகளும் பாலங்களும் தவிர, ஏறத்தாழ 60 கிலோமீற்றருக்கு ஊருக்குப் பின் ஊராகத் தொடர்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவியும் வயலும், நடுவே இந்த ஒரே வீதி. பள்ளிக்கூடம் ஒரு பக்கம் என்றால் பிள்ளையின் வீடு மறுபக்கம். பள்ளிவாசல் ஒரு பக்கம் என்றால் சந்தை மறுபக்கம். கடந்தே ஆக வேண்டியவர்கள் கடக்கிறார்கள். நீங்கள் அவர்களுடைய முற்றத்தின் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

எதிரே வாகனம் இல்லை என்பதை ஒரு நியாயமாகச் சொல்கிறீர்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை வீதியில் இறங்குவதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு செக்கன் ஆகிறது என்று கொள்வோம். காய்ந்த வீதியில், நல்ல பிரேக் உள்ள வாகனம் 50இல் வந்தால் ஏறத்தாழ 28 மீற்றரில் நின்றுவிடும். 70இல் வந்த வாகனம் அதே 28ஆவது மீற்றரில் இன்னும் 58 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். கூட்டியது 20, பிள்ளையின் மேல் மோதுவது 58. உங்களுடைய கண்பார்வையும் கைத்திறமையும் இந்தக் கணக்கை மாற்றப்போவதில்லை. சராசரி வேகம் ஒரு வீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் நான்கு வீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நம் நாட்டின் வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். கண்டிப்பாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் தினமும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதும் என் கவலைதான்.

செட்டிபாளையத்தில் என் பெரியம்மாவின் வீடு வீதியோரத்தில் இருந்தது. அவருடைய தங்கை, என் சின்னம்மா, வீதிக்கு மறுபக்கம் நேர் எதிரே குடியிருந்தார். காலையில் ஒரு வீட்டில் பிட்டு அவித்தால் மறு வீட்டுக்கும் அது போகும். பின்னேரம் இரண்டு பேரும் ஏதாவது ஒரு திண்ணையில் வெற்றிலைத் தட்டோடு இருப்பார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோவில் குளிர்த்திச் சடங்குக்குச் சேர்ந்தே போவார்கள். யுத்தம் முடிந்த பிறகு வீதியை அகலமாக்கினார்கள். பெரியம்மாவின் வேலி உள்ளே தள்ளப்பட்டது. வாசலில் நின்ற வேம்பு தறிக்கப்பட்டது. அவர் அதற்காக வருந்தினாலும் முறைப்பாடு செய்யவில்லை, ஊருக்கு நல்லது நடக்கிறது என்றே சொன்னார். காபட் போட்டு முடிந்ததும் வாகனங்களின் ஓட்டம் மாறியது. முழங்கால் வருத்தத்தோடு நடந்தவரால் அந்த அகலத்தை ஓர் ஓட்டமாகக் கடக்க முடியவில்லை. படலை வரை வந்து, நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். கடைசிக் காலத்தில் அக்காவும் தங்கையும் எதிரெதிர் வாசல்களில் இருந்துகொண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். அவரை எந்த வாகனமும் மோதவில்லை. எந்த விபத்துப் புள்ளிவிபரத்திலும் அவர் இல்லை. ஆனால் அந்த வீதி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பது எனக்குத் தெரியும்.

அதே இடத்தில் யுத்த காலத்தில் வாகனங்கள் ஊர்ந்தே சென்றன. சோதனைச் சாவடிக்கு முன்னும் பின்னும் தார்ப் பீப்பாய்களை இடமும் வலமுமாக மாற்றி வைத்திருப்பார்கள்; பஸ் சாரதி எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். அந்தக் காலம் திரும்பக் கூடாது. பஸ்ஸிலிருந்து இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்த எவரும் அந்தப் பீப்பாய்களை விரும்பியிருக்க மாட்டார்கள். நான் கேட்பது இதைத்தான்: மக்களைக் கண்காணிப்பதற்காக வாகனத்தின் வேகத்தைப் பாதையைக் கொண்டே குறைக்கத் தெரிந்த அரசுக்கு, மக்களைக் காப்பாற்றுவதற்காக அதைச் செய்யத் தெரியாதா? பீப்பாய்களை அகற்றினார்கள், அது நல்லது. அந்த இடத்தில் உயர்த்திக் கட்டிய பாதசாரிக் கடவை ஒன்றை ஏன் கட்டவில்லை?

சுவீடன் பாராளுமன்றம் 1997இல் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. மனிதர் தவறு செய்வார்கள், அந்தத் தவறுக்கு உயிரை விலையாகக் கேட்காத வீதியை அமைப்பது அமைப்பவர்களின் பொறுப்பு என்பது அதன் சாரம். நம்முடைய போக்குவரத்துக் கொள்கை எத்தனை கிலோமீற்றர் காபட் போட்டோம் என்றே கணக்குக் காட்டுகிறது. ஊருக்குள் நுழையும் இடத்தில் வீதி ஒடுங்குவதில்லை. நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் மூடியில்லாத வடிகான் இருக்கிறது, அல்லது கடைச் சாமான்கள் இருக்கின்றன. மஞ்சட் கடவை அழிந்து போனால் மீண்டும் தீந்தை பூச மாதக்கணக்கில் ஆகிறது. காத்தான்குடிப் பிரதான வீதியில் பேரீச்ச மரங்கள் நிற்கும் நடுத்திட்டைப் பாருங்கள். அழகுக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ஒரு முதியவர் பாதி வீதியைக் கடந்து, அங்கே நின்று மூச்செடுத்து, மறுபாதியைக் கடக்க முடிகிறது. என் பெரியம்மாவுக்குத் தேவைப்பட்டது அவ்வளவே. அகலமாகவும் நேராகவும் மழமழப்பாகவும் ஒரு வீதியைக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் 50 என்று ஒரு பலகையை நட்டால், சாரதியின் கால் பலகையைப் படிப்பதில்லை, வீதியையே படிக்கிறது. உங்கள் காலும் கிரான்குளத்தில் அதைத்தான் செய்தது. தண்டப்பணத்தைக் கட்டத்தான் வேண்டும். எனினும் உங்களை 70க்கு அழைத்த வீதிக்கு யாரும் சீட்டு எழுதவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே கமரா வரட்டும், ஆனால் அதனோடு வேலை முடிந்துவிட்டதாக எவரும் சொல்ல விடக் கூடாது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எவற்றின் வாசலில் உயர்த்திய கடவை இல்லை, எங்கே இரவில் தெருவிளக்கு எரிவதில்லை, எங்கே நடுத்திட்டுக்கு இடம் இருக்கிறது என்று கல்முனைக்கும் பெரியநீலாவணைக்கும் இடையில் மட்டுமாவது ஒரு விடுமுறை நாளில் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் போனால் தெரியாது. அதை மாநகர சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் எழுத்தில் கொடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், களுவாஞ்சிகுடிப் பக்கத்துக்கு அதே பட்டியலை நான் எழுதுகிறேன்.