ஜோடி கடல்குதிரை ரெடி, பில் மட்டும் இல்லை

கேள்வி: கோவையில் ஒரு மீன் கடையில் கடல்குதிரை ஜோடி 6,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார்கள். பில் கிடையாதாம். "சீக்கு வந்தா இதுல ரெண்டு சொட்டு விடுங்க" என்று நீல மருந்து பாட்டில் ஒன்றும் இலவசம். வீட்டில் 40 லிட்டர் தொட்டி சும்மா கிடக்கிறது. நோய் வராமல் வளர்க்க வேறு என்னங்க வாங்கணும்?
- ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: முதலில் அந்த பில் விஷயம். கடல்குதிரையை 2001-லேயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலியும் யானையும் இருக்கிற அட்டவணைங்க அது, பிடிப்பதும் விற்பதும் குற்றம். பில் தராததற்குக் காரணம் ஜிஎஸ்டி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் மன்னார் வளைகுடா பக்கமோ பாக் நீரிணையிலோ வலையில் சிக்கியதாக இருக்கும். வாங்கினவர் மேலும் வழக்கு வரும். மறுநாளே செத்தால் நுகர்வோர் கோர்ட்டில் போய் என்னவென்று சொல்வீர்கள்?

நோயும் அந்த வலையிலிருந்துதான் தொடங்குகிறது. கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது. தின்றது சீக்கிரம் வெளியேறிவிடும், அதனால் ஒரு நாளைக்கு ரெண்டு மூன்று வேளையாவது தீனி வேண்டும். வலை, டிரம், பாலித்தீன் பை என்று பட்டினியாகப் பயணம் செய்து வந்தது கடைக்கு வரும்போதே பாதி உயிர்தான். ஒரு கடையில் நானே பார்த்தேன். பிளாஸ்டிக் செடியில் வாலைச் சுற்றிக்கொண்டு நின்றது, வால் நுனி வெளுத்து தோல் உரிந்திருந்தது. மூக்குக்கு நேரே குட்டி இறால் போனது. பார்த்தது, உறிஞ்சவில்லை. இந்த மாதிரி வால் அழுகலுக்குப் பெரும்பாலும் விப்ரியோ என்ற பாக்டீரியாதான் காரணம். நீல மருந்து அதைத் தீர்க்காது. தொட்டிக் கழிவைச் செரிக்கிற நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும்.

விப்ரியோவுக்குச் சூடு பிடிக்கும். வெளிநாடுகளில் பண்ணையில் பிறந்த கடல்குதிரையை வளர்ப்பவர்கள் தண்ணீரை 22 முதல் 24 டிகிரிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு ஜோடிக்கே 100 லிட்டருக்கு மேல் தொட்டி, மிஞ்சின தீனியை அன்றன்றைக்கே உறிஞ்சி எடுப்பது என்று வேலை வேறு. நம்ம ஊர் சித்திரை வெயிலில் சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின்) இல்லாமல் அந்தக் குளிர்ச்சி வராது. அப்புறம் கரண்ட் போனால்?

கடல் மீன்தான் ஆசை என்றால் க்ளவுன் மீன் வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பண்ணைக் குஞ்சுதானா என்று கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள். உங்கள் கண் எதிரே தீனி போடச் சொல்லுங்கள், தின்னாத மீன் வேண்டாம். தண்ணீரும் முக்கியம். போர் தண்ணீரில் உப்பைக் கரைக்காதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில், கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கிற உப்பைக் கலக்க வேண்டும்.

பெரிய தொட்டி ஒன்று கட்டாயம் வாங்கியாக வேண்டும். ஆனால் அந்த 40 லிட்டர் தொட்டி வீண் போகாது. புது மீனை ஒரு மாதம் தனியாக வைத்துக் கவனிக்க அதுவே போதுங்க.