ஆடி அமாவாசைக்கு முதல் நாள்

கேள்வி: இலங்கைப் போர் 2009-லேயே முடிஞ்சு போச்சுங்க. இன்னும் சாட்சியம், ஆவணம், ஜெனீவான்னு பேசிட்டிருந்தா யாருக்கு என்னங்க லாபம்? அகதி முகாம்ல இருக்கறவங்களைப் பழசைக் கிளறாம நிம்மதியா விட்டுடலாமில்லைங்களா?
(வாசகர் ஒருவர், சத்தியமங்கலம்)

பதில்: அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? பவானிசாகர் முகாம் உங்கள் ஊருக்குப் பக்கம்தானே, ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பாட்டியிடம் பேசினேன். 1990-ல் படகேறி மண்டபம் வந்தவர். மஞ்சப்பையிலிருந்து மகனின் படத்தை எடுத்தார். பாஸ்போர்ட் அளவு, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. "றவுண்டப்பில பிடிச்சுக்கொண்டு போனவங்கள் தம்பி" என்றார். றவுண்டப் என்றால் ஊரைச் சுற்றி வளைத்துத் தேடுவது. தேதி கேட்டேன், தெரியவில்லை. "ஆடி அமாவாசைக்கு முதல் நாள். தகப்பனுக்கு விரதமெண்டு மரக்கறிக்குப் போனவன்." பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினால் 1990 ஜூலை 20 அல்லது 21 என்று வந்துவிடும். இத்தனை வருஷத்தில் அதை எழுதி வாங்க ஒருவரும் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

லாபம் கேட்டீர்கள். தர்மபுரி மாவட்டத்து மலைக்கிராமம் வாச்சாத்தி நமக்குத் தூரமில்லை. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு சாதித்தது. அந்தப் பெண்கள் சொன்னதையே சொன்னார்கள், அது காகிதத்தில் ஏறியது. 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். 2023-ல் உயர் நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. 1993-லேயே யாராவது அவர்களிடம் வந்து, "பழசைக் கிளறாதீங்க" என்று சொல்லியிருந்தால்?

இலங்கையிலும் யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000-ஆம் ஆண்டு 8 பேரைக் கொன்ற வழக்கு, தப்பி ஓடிய ஒருவரின் சாட்சியத்தால்தான் நின்றது. 2015-ல் ஒரு ராணுவத்தினருக்கு மரண தண்டனை கிடைத்தது. 2020-ல் ஜனாதிபதி அவரை மன்னித்து வெளியே விட்டார். இதனால்தான் உள்நாட்டு நீதிமன்றத்தை மட்டும் நம்ப முடியாது என்கிறார்கள். 2021-ல் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைப் பேரவை, ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கத் தனி ஏற்பாடே செய்தது. அந்த ஆதாரம் எங்கே உதவும் என்றால், வெளிநாட்டு நீதிமன்றங்களில். சிரிய உளவுத்துறை அதிகாரி ஒருவருக்கு 2022-ல் ஆயுள் தண்டனை கொடுத்தது ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நீதிமன்றம். அங்கே கூண்டேறிச் சாட்சி சொன்னவர்களில் பலர் அகதிகள். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் 2025-ல் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன, அவற்றோடு ஒரு பள்ளிக்கூடப் பையும். அது யார் பிள்ளை என்று ஒப்பிட்டுச் சொல்ல ரத்த உறவு ஒன்று உயிரோடு இருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. மைக்கை நீட்டி அழவைத்துவிட்டுப் போகிறவர்களால் அவர்கள் நொந்து போயிருக்கிறார்கள். கேமரா வேண்டாம். சம்மதம் கேட்டு, ஒரே தடவை, அவர்கள் போக்கில் சொல்ல விடுங்கள். கண்ணால் கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். பெயரை ஃபேஸ்புக்கில் போடவே கூடாது, சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பிள்ளையைப் போராளி இயக்கம் கட்டாயமாகப் பிடித்துப் போனது என்று ஒரு தாய் சொன்னால் அதையும் அப்படியே எழுதத்தான் வேண்டும். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியதும் அந்தக் கணக்கில்தான் வரும். நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எழுதினால் அந்த ஏட்டை எந்த நீதிபதியும் தொடமாட்டார்.

அன்று எழுதி முடித்ததும் பாட்டி வாசிக்கச் சொன்னார். "காய்கறி வாங்கச் சென்றபோது" என்று எழுதியிருந்தேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வாங்க இல்லை தம்பி. காத்தோட்டிக்காய் ஆயப் போனவன். கோயில் வேலியோரம். அப்படியே எழுதும்."