பழைய சிந்த்-பாப் (சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியின் ஒலியில் அமைந்த பாப் இசை) தட்டுகள் வாங்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: நியூ ஆர்டர் என்ற பிரிட்டிஷ் குழுவின் ‘பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்’ ஆல்பத்தின் எல்பி (இசைத்தட்டு) வாங்கினேன். அவர்களின் ‘புளூ மண்டே’ பாட்டு அதில் இல்லவே இல்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. இரண்டும் 1983-இல் வந்தவைதான். ஆனால் சிங்கிளாக (தனிப்பாட்டுத் தட்டாக) வந்த பாட்டை ஆல்பத்தில் சேர்க்காமல் விடுவது அன்றைய பிரிட்டிஷ் குழுக்கள் பலவற்றின் வழக்கம். ‘புளூ மண்டே’ 12 அங்குலத் தட்டாகத் தனியே வந்தது, ஃபேக்டரி நிறுவனத்தின் வெளியீட்டு எண் ‘ஃபேக் 73’. அமெரிக்கப் பதிப்புகள் சிலவற்றில்தான் ஆல்பத்தோடு சேர்த்தார்கள். பிறகு 2008-இல் வந்த ஆல்பத்தின் இரட்டை சிடி பதிப்பில் இரண்டாம் தட்டிலும் இருக்கிறது.

‘சப்ஸ்டன்ஸ்’ (1987) தொகுப்பு வாங்கலாமே என்று பலரும் சொல்வார்கள். வாங்கலாம், நல்ல தொகுப்புதான். ஆனால் அதிலுள்ள ‘டெம்ப்டேஷன்’, ‘கன்ஃப்யூஷன்’ இரண்டும் அந்தத் தொகுப்புக்காகவே மறுபடி பதிவு செய்யப்பட்டவை. முதல் வடிவம்தான் வேண்டுமென்றால் அந்தந்த 12 அங்குலத் தட்டைத் தேடுங்கள்.

பீட்டர் சாவில் ஃபிளாப்பி டிஸ்க் போல வடிவமைத்த, துளை வெட்டிய ‘புளூ மண்டே’ முதல் உறைக்கு விலை ஏறிக்கிடக்கிறது. உறையைச் சேகரிப்பவர் அல்ல, பாட்டுத்தான் வேண்டும் என்றால் 2020 மறுபதிப்பு போதும்.

கேள்வி: பழைய பிரிட்டிஷ் சிடி ஒன்றின் ஓரம் தாமிர நிறமாகியிருக்கிறது. விலை மலிவு. வாங்கலாமா?

வேண்டாம். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பி.டி.ஓ. (பிலிப்ஸ் அண்ட் டுபாண்ட் ஆப்டிகல்) என்ற சிடி ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிக்கள் பலவற்றுக்கு வந்த நோய் இது. மேல்பூச்சு அரக்கு சரியில்லாததால், உள்தாளிலும் அட்டையிலும் உள்ள கந்தகம் ஊடுருவி உலோகப் படலத்தை அரிக்கிறது. அரிப்பு ஓரத்திலிருந்து உள்ளே நகரும். சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவதால் முதல் பாட்டுகள் சுத்தமாகவே கேட்கும், கடைசிப் பாட்டுகளில்தான் தேய்ந்த எல்பி போல ‘சடசட’ என்ற சத்தம் வரும். ஆகவே கடையில் கேட்டுப் பார்த்தால் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். இணையத்தில் என்றால் தட்டின் இரண்டு பக்கமும் படம் கேளுங்கள். நடு வளையத்தில் ‘மேட் இன் யு.கே. பை பி.டி.ஓ.’ என்று இருந்தால் நிறத்தைக் கூர்ந்து பாருங்கள். அந்த ஆலையின் எல்லாத் தட்டும் கெடவில்லை என்பதும் உண்மை. ஏற்கெனவே உங்களிடம் ஒன்று இருந்தால் இன்றே கணினியில் பிரதி எடுத்துவிடுங்கள். தொடங்கிய அரிப்பை நிறுத்த வழியில்லை.

கேள்வி: புதிய ரீமாஸ்டரா (பழைய பதிவின் ஒலியை மறுபடி சீரமைத்த பதிப்பா), எண்பதுகளின் சிடியா?

பழையதை முதலில் கேளுங்கள் என்பதே எங்கள் கருத்து. 1990-களின் பிற்பகுதிக்குப் பின் வந்த பல ரீமாஸ்டர்கள் ஒலியை ஏற்றி அழுத்தியவை. டிரம் மெஷினின் அடி தனியாகத் தெறிக்காமல் சிந்த் ஒலியோடு அமுங்கிப்போகும், அரை மணியில் காது களைக்கும். பழைய சிடி மெதுவாக ஒலிப்பது குறையல்ல, வால்யூமைத் திருப்பினால் சரி. சந்தேகமிருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து பாருங்கள்: அலைவடிவம் மேலும் கீழும் வெட்டியதுபோல் தட்டையாக இருந்தால் அழுத்திய பதிப்பு. நன்றாகச் செய்த ரீமாஸ்டர்களும் உண்டு, அதனால் ஆண்டை மட்டும் பார்த்து ஒதுக்காதீர்கள்.

கேள்வி: ‘எண்பதுகளின் ஹிட்ஸ்’ தொகுப்பில் குரலே வேறு மாதிரி இருக்கிறதே?

பின் அட்டையின் பொடி எழுத்தில் ‘ரீ-ரெக்கார்டட்’ என்று இருக்கும். பழைய ஒலிப்பதிவின் உரிமை நிறுவனத்திடம் இருப்பதால், பாடியவர்களே பல ஆண்டு கழித்து மறுபடி பாடித் தந்தவை அவை. ஸ்ட்ரீமிங்கிலும் இதே கதை. பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறிப்பையும் வெளியீட்டு நிறுவனத்தின் பெயரையும் பாருங்கள்.

கேள்வி: பழைய எல்பியில் ‘விஜி’ என்று தரம் போட்டிருந்தால் நல்லதுதானே?

பெயர்தான் ‘வெரி குட்’. இரைச்சல் கேட்கும் என்று அர்த்தம். அமைதியான இடைவெளிகள் நிறைந்த இந்த இசைக்கு, அதற்கு அடுத்த மேல் தரமான ‘விஜி பிளஸ்’ஸுக்குக் கீழே போகாதீர்கள்.