செயலியில் முழு மதிப்பெண், தேர்வில் தடுமாற்றம்

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கணக்குக்கு ஒரு கற்றல் செயலியைப் பயன்படுத்துகிறாள். பிள்ளையின் திறனுக்கேற்பப் பாடத்தை மாற்றித் தருமாம். அதில் முழு மதிப்பெண் வாங்குகிறாள். பள்ளித் தேர்விலோ பின்னக் கணக்கில் கோட்டை விடுகிறாள். சந்தாவை நீட்டிக்கலாமா, நிறுத்திவிடலாமா?

பதில்: அதை முடிவு செய்வதற்கு முன், ஒரு நாள் அவள் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். எதுவும் பேச வேண்டாம். விரல்களை மட்டும் கவனியுங்கள். 'குறிப்பு' பொத்தானை வரிசையாக அழுத்தி, கடைசிக் குறிப்பில் வரும் விடையைத் தட்டிவிட்டு நகர்கிறாளா? இந்தக் குறுக்குவழியைப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். திட்டாதீர்கள். ஆனால் அப்படி வந்த மதிப்பெண்ணை நம்பவும் வேண்டாம்.

அடுத்து, தாளில் 1/2 + 1/3 என்று எழுதிக் கொடுங்கள். 2/5 என்று விடை வந்தால், தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டியிருக்கிறாள். மிகப் பரவலான தவறு இது. பல செயலிகள் இதைத் தவறு என்று குறித்துவிட்டு, இன்னும் எளிய கணக்கைத் தரும். அவளுக்குத் தேவை எளிய கணக்கு அல்ல, ஒரு கேள்வி: "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், பாதியைவிடக் குறையுமா?" 2/5 பாதியைவிடச் சிறியது அல்லவா? அவள் தயங்குவாள். தயவுசெய்து அந்த நேரத்தில் விடையைச் சொல்லிவிடாதீர்கள், அவளே யோசிக்கட்டும்.

தனிப்பயிற்சியின் பலனைப் பற்றிக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதினார். தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரை முந்தினார் என்பது அவர் காட்டிய கணக்கு. பின்னாளில் வந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு பெரிதாக இல்லை, ஆனாலும் பலன் உண்டு. அந்த ஆசிரியர்கள் பிழையைப் பார்த்துத் திருத்தி, மாணவர் தேறிய பிறகே அடுத்த பாடத்துக்குப் போனார்கள். செயலி கணக்கின் கடினத்தைக் கூட்டிக் குறைப்பது மட்டும் அதற்கு ஈடாகாது.

செயலியால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாட்டுப் பயிற்சிக்கு அது அருமையான துணை. தவறு செய்தால் உடனே தெரியும், நாலு பேர் முன்னால் கூசவும் வேண்டாம். ஆண்டுச் சந்தா மட்டும் இப்போது வேண்டாம். மாதச் சந்தா இருந்தால் ஒரு மாதம் தொடருங்கள். தினமும் செயலியில் போட்ட கணக்குகளில் இரண்டைத் தாளில் மீண்டும் போட்டு, எப்படிப் போட்டாள் என்று உங்களுக்கு விளக்கட்டும். அந்தத் தாள்களை வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். செயலி தரும் அறிக்கையைவிட அவருக்கு அவை அதிகம் உதவும்.