பாசஞ்சர் ரயிலில் நெரிசலைக் குறைக்க என்ன செய்யலாம்? ஏசி போட்டால் போதுமா?

ஏசி வரட்டும், மதுரை வெயிலில் யார் வேண்டாம் என்பார்கள்? சென்னைக் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரலிலேயே ஏசி மின்ரயில் வந்துவிட்டது. ஆனால் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வேலைக்குப் போய்வருகிறவனாகச் சொல்கிறேன், முதலில் கை வைக்க வேண்டியது கதவில்தான்.

செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் காலை வண்டி திருமங்கலத்துக்குள் நுழையும்போதே வாசலை அடைத்துக்கொண்டு ஆள் நிற்கும். எட்டிப் பார்த்தால் உள்ளே நிற்க இடம் இருக்கும். யாரும் நகர மாட்டார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. உள்ளே போய்விட்டால் திருப்பரங்குன்றத்தில் இறங்க முடியாது. இருக்கைகளுக்கு நடுவே ஒருவரை ஒருவர் தாண்ட வழியில்லை, பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. வாசலில் காற்றாவது வருகிறது.

பூக்காரம்மா ஒருவர் ஏறுவதைப் பாருங்கள். பெட்டியின் தரை பிளாட்பாரத்தைவிட ஏறக்குறைய ஒரு முழம் உயரம். முதலில் கூடையைத் தூக்கி உள்ளே இருப்பவரிடம் கொடுப்பார். அப்புறம் ஒரு கையால் சேலையை ஒதுக்கி, மறுகையால் கம்பியைப் பிடித்து, படியில் கால் வைத்து ஏறுவார். அதுவரை பின்னால் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். கதவு ஒரு ஆள் அகலம், வண்டி நிற்பதோ ஓரிரு நிமிடம். மெமு எனும் குறுந்தூர மின்ரயில்போல அகலக் கதவு இருந்தால் அவர் ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் ஒருவர் இறங்கலாம்.

டோக்கியோவின் புறநகர் ரயில்களில் 20 மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துக்கு நான்கு கதவுகள், ஒவ்வொன்றும் சுமார் 1.3 மீட்டர் அகலம். யாமனோதே தடத்தில் 1990களில் பக்கத்துக்கு ஆறு கதவுள்ள பெட்டிகளைக்கூட ஓட்டினார்கள். காலை நெரிசலில் அவற்றில் இருக்கைகளை மடித்து வைத்துவிடுவார்கள், எல்லோரும் நின்றுதான் போக வேண்டும்.

அதை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. எங்கள் வண்டியில் ராஜபாளையம், சிவகாசியில் ஏறி மதுரைவரை வருபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இருக்கை கட்டாயம் வேண்டும். திருமங்கலத்தில் ஏறுகிறவனுக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லை, நின்றே போகலாம். அதனால் பெட்டியின் நடுப்பகுதியில் இப்போதுபோலவே எதிரெதிர் இருக்கைகள் இருக்கட்டும். கதவை ஒட்டிய பகுதியில் மட்டும் சுவரோரமாக நீள இருக்கையும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் கைப்பிடி வாரும் போதும். கூடை வைக்கவும் அங்கே இடம் கிடைக்கும்.

சாயங்காலம் மதுரை ஜங்ஷனில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பது வேறு பிரச்சினை. அடுத்த வண்டி எப்போதோ என்ற பயம்தான் காரணம், அரை மணிக்கு ஒரு வண்டி இருந்தால் துண்டுக்கு வேலையே இருக்காது.

புதுப் பெட்டிகள் வரும்வரை ஒன்று செய்யலாம். முன்பதிவில்லாப் பெட்டிகள் எங்கே வந்து நிற்கும் என்பதைப் பிளாட்பாரத்தில் பெயிண்டால் குறித்து, வண்டி வருவதற்கு முன்பே ஒலிபெருக்கியிலும் சொன்னால் நுழைவாயிலருகே கூட்டம் குவியாது. இப்போது வண்டி நின்ற பிறகுதான் பாதிப் பேர் பெட்டியைத் தேடி ஓடுகிறார்கள், வயதானவர்களால் அது முடிவதில்லை.