பழைய ஆர்எக்ஸ் 580: முதலில் சோதனை, பிறகுதான் ஓவர்கிளாக்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் 8 ஜிபி ரேடியான் ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். கடையில் 7 நாள் டெஸ்டிங் வாரண்டி. அதில் 2 நாள் போய்விட்டது. என்னிடம் இருப்பது இன்டெல் ஐ5-9400எஃப், 16 ஜிபி ரேம், 500 வாட் பவர் சப்ளை. கேம் ஆரம்பித்து 10 நிமிடம் வரை நன்றாக ஓடுகிறது. அதற்குப் பிறகு ஃபேன் இரைகிறது, எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்கள்) இறங்கிவிடுகிறது. திரையில் புள்ளியோ கோடோ எதுவும் இல்லை. மெமரி வேகத்தை 2200 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். ஏற்றலாமா? இது மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டும் கணக்கு வேலையில்) ஓடிய கார்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இப்போது ஏற்ற வேண்டாம் (இப்படி வேகத்தைக் கூட்டுவதுதான் ஓவர்கிளாக்). மீதியுள்ள 5 நாளும் சோதனைக்கு மட்டும்தான். ஏற்றிய பிறகு கோளாறு வந்தால், அது கார்டில் முன்பே இருந்ததா, நாம் ஏற்றியதால் வந்ததா என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. கடைக்காரரிடம் எதைக் காட்டி மாற்றித் தரச் சொல்வீர்கள்?

"திரையில் புள்ளி எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து மெமரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தக் கார்டில் இருப்பது ஜிடிடிஆர்5 மெமரி. இதில் தகவல் போய்வரும்போது கூடவே ஒரு சரிபார்ப்புக் குறியீடும் போகும். குறியீடு பொருந்தாவிட்டால் அந்தத் தகவல் மறுபடி அனுப்பப்படும். அதனால் மெமரி தடுமாறினாலும் படம் சுத்தமாகவே தெரியும், நேரம் மட்டும் வீணாகும், எஃப்பிஎஸ் இறங்கும். புள்ளி தெரியும் நிலைக்கு வரும்போது விஷயம் கைமீறியிருக்கும். ஆகவே கண்ணை நம்பாமல் எண்களைப் பாருங்கள்.

கார்டு உண்மையிலேயே 580-தானா?

கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் நிரலைத் திறந்து ஷேடர் (சிப்பிலுள்ள கணக்குப் பகுதிகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். 2017 ஏப்ரலில் வந்த அசல் ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் கையில் இருப்பது 2018-இல் சீனச் சந்தைக்காக வந்த 2048எஸ்பி வகை. பெயர் 580 என்றாலும் சிப் ஆர்எக்ஸ் 570-க்கு இணையானது. பெட்டியிலும் ஸ்டிக்கரிலும் 580 என்றே இருப்பதால் பலர் ஏமாறுவது இங்கேதான். 580 விலை கொடுத்து 2048 வாங்கியிருந்தால் வேறு சோதனையே தேவையில்லை, இன்றே கடைக்குப் போய்விடுங்கள்.

அடுத்து அதே பக்கத்தில் டிஃபால்ட் கிளாக் என்ற வரி. சிப்பைத் தயாரித்த ஏஎம்டி நிர்ணயித்த அளவு கோர் (கணக்குப் போடும் முதன்மைச் சிப்) 1340 மெகாஹெர்ட்ஸ், மெமரி 2000. கார்டு தயாரிப்பாளர்கள் கோரை 1366, 1411 என்று கொஞ்சம் கூட்டி விற்றதுண்டு, அதில் பிழை இல்லை. கோர் 1150 அளவில் குறைந்தும் மெமரி 2000-க்கு மேல் ஏறியும் இருந்தால் மைனிங்குக்காகத் திருத்திய பயாஸ் (கார்டை இயக்கும் உள் நிரல்) ஏறியிருக்கிறது என்று பொருள். டிரைவர் போட்ட பிறகும் டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம் நின்றால் அதுவும் திருத்திய பயாஸின் அடையாளமாக இருக்கலாம். ஏஎம்டி டிரைவர் திருத்திய பயாஸை ஏற்பதில்லை. சில மாடல்களில் கார்டின் மேல் விளிம்பில் பயாஸ் மாற்றும் சிறிய சுவிட்ச் இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்து, அதை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் அசல் பயாஸ் அப்படியே இருக்கும்.

மைனிங்கில் ஓடியிருந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15-இல் மைனிங் முறையைக் கைவிட்டதும் இந்த வகைக் கார்டுகள் குவியலாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் கோருக்கு மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள், அதனால் கோர் பெரும்பாலும் தப்பிவிடும். இரவு பகலாக அடி வாங்குவது மெமரியும் ஃபேனும். அந்த இரண்டையும்தான் நீங்கள் குடைந்து பார்க்க வேண்டும்.

ஃபேனில் தொடங்குங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு ஃபேன் இறக்கையையும் விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். சில சுற்று சத்தமில்லாமல் சுழன்று தானாக நிற்க வேண்டும். உடனே நின்றாலோ, கரகரவென்று உரசினாலோ, நடுப்பகுதியைப் பிடித்து அசைத்தால் மேலும் கீழும் ஆடினாலோ பேரிங் தேய்ந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றாமல் இருப்பதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். சூடு ஏறாதவரை ஃபேனை நிறுத்தி வைப்பது பல மாடல்களில் இயல்பான ஏற்பாடு.

கையோடு 8-பின் மின் இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பவர் சப்ளையில் இருந்து நேராக வரும் 8-பின் கேபிள்தான் செருக வேண்டும். சாட்டா இணைப்பை 8-பின்னாக மாற்றும் அடாப்டரைத் தொடவே தொடாதீர்கள். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 54 வாட். 8-பின் வழியாகக் கார்டு 150 வாட் வரை கேட்கும். அடாப்டர் உருகுவது அதனால்தான்.

பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது?

பழைய டிரைவரை சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் நிரல் கொண்டு துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். 2023 இறுதியிலிருந்து போலாரிஸ் வகைக் கார்டுகளுக்கு (580-உம் இந்த வகைதான்) ஏஎம்டி தனித் தொகுப்பாக டிரைவர் தருகிறது, அதையே எடுங்கள். பிறகு வெப்பம், வேகம் போன்ற அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து, யூனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற சோதனை நிரலை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். கேபினெட்டின் பக்கக் கதவு மூடியே இருக்கட்டும். கேம் ஆடுவது மூடிய கேபினெட்டில்தானே.

கோர் வேகம், வெப்பம், ஃபேன் சுற்று, மெமரி எர்ரர் ஆகிய நான்கையும் கவனியுங்கள். வெப்பம் 85-ஐத் தாண்டி, ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் கோர் 1340-இலிருந்து 1200 பக்கம் இறங்குகிறது என்றால் உங்கள் சிக்கல் சூடு. நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் இதைத்தான் காட்டுகிறது. வெப்பம் 70 டிகிரிக்குள் இருந்தும் கோர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், பயாஸில் மின்வரம்பைக் குறைத்து வைத்திருக்கலாம். கார்டில் எல்லாம் சீராக இருந்தும் கேமில் மட்டும் எஃப்பிஎஸ் விழுந்தால், பிராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். 9400எஃப்-உடன் வரும் கூலர் சின்னது, தூசி அடைத்தால் அதுவும் திணறும். கம்ப்யூட்டரே அணைந்து மறுபடி எழுந்தால் முதல் சந்தேகம் பவர் சப்ளை மேல். திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி, ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண் பதிவாகியிருந்தால் டிரைவர் விழுந்து எழுந்திருக்கிறது. ஏற்றம் எதுவும் செய்யாத நிலையில் இது திரும்பத் திரும்ப வந்தால் கோர் சந்தேகத்துக்குரியது.

மெமரிக்கு ஓசிசிடி என்ற நிரலில் விராம் (கார்டின் மெமரி) சோதனை இருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் மெமரி எர்ரர் எண்ணைத் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போதே எண் கூடிக்கொண்டு போனால், பயாஸில் மெமரி டைமிங்கை (மெமரியின் காத்திருப்பு நேரங்களை) இறுக்கி வைத்திருக்கிறார்கள், அல்லது மெமரி சிப் நொந்துவிட்டது. டைமிங் திருத்தம் ஜிபியு-இசட் காட்டும் கிளாக் எண்ணில் தெரியாது, இப்படித்தான் பிடிபடும். திரையைப் போனில் வீடியோ எடுத்து கடையில் காட்டுங்கள். எண் கண் முன்னே ஏறுவதைப் பார்த்தால் யாரும் எளிதில் மறுக்க முடியாது.

ஃபர்மார்க் என்ற சோதனை நிரலைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். பவர் சப்ளையும் கூலரும் தாங்குகின்றனவா என்று பார்க்க 5 நிமிடம் போதும். கேமில் ஒருபோதும் வராத பாரத்தை அது ஏற்றுகிறது. அதில் தேறிய கார்டு கேமில் விழுவதும், அதில் திணறிய கார்டு கேமில் நன்றாக ஓடுவதும் உண்டு.

சூடுதான் காரணம் என்று உறுதியானால், கூலரைக் கழற்றும் முன் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்க்ரூ மேலுள்ள ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி இல்லை என்பார்கள். சிப்புக்கும் கூலருக்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்டை மாற்றும் வேலையை அவர்களே செய்து தந்தால் உங்களுக்கு நல்லது.

நீங்களே செய்வதாக இருந்தால், 5 நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிவிட்டு அணையுங்கள். இளஞ்சூட்டில் காய்ந்த பேஸ்ட் பிடி தளர்ந்திருக்கும். சிப்பின் பின்புறமுள்ள 4 ஸ்பிரிங் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகத் தளர்த்துங்கள். கூலரை நேராக இழுக்காமல், இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பிரியுங்கள். ஃபேன் ஒயர் குட்டையானது, முழுக்கத் தூக்கும் முன் அதைக் கழற்றிவிடுங்கள். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். சிப்புக்கு மேல் மூடி கிடையாது, 232 சதுர மில்லிமீட்டர் சிலிக்கான் அப்படியே வெளியே இருக்கிறது. நடுவில் ஒரு பொட்டு வைத்து விட்டுவிடாமல் நான்கு மூலைக்கும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். மூலையில் பேஸ்ட் படாத இடம்தான் முதலில் கொதிக்கும். தெர்மல் பேட் (மெமரி சிப்புக்கும் கூலருக்கும் நடுவிலுள்ள மெத்தைப் பட்டை) கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய பேடின் தடிமனை அளந்து அதே தடிமனில் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் கூலர் சிப்பின் மேல் சரியாக உட்காராது, பேஸ்ட் மாற்றிய பிறகும் முன்பைவிடச் சூடாகும்.

ஓவர்கிளாக்: இறக்கிவிட்டு ஏற்றுங்கள்

சோதனையில் தேறி, வாரண்டி நாளும் முடிந்த பிறகு இதற்கு வாருங்கள். முதல் வேலை மின்னழுத்தத்தைக் குறைப்பது. சிப் எரிக்கும் மின்சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு கூடும். இந்தக் கார்டில் உச்ச நிலைக்குப் பெரும்பாலும் 1150 மில்லிவோல்ட் இருக்கும். அதே வேகத்தில் 1075 போதுமென்றால் சிப்பின் செலவு 12 சதவீதம் அளவுக்கு இறங்கும். அந்த அளவுக்குச் சூடும் குறையும், பிறகு ஏற்றுவதற்கும் இடம் கிடைக்கும். இந்தக் கார்டுக்கு நீங்கள் செய்யக்கூடியதில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

ஏஎம்டியின் அட்ரினலின் நிரலில் பெர்ஃபார்மன்ஸ், அதில் டியூனிங், அதில் கஸ்டம். கடைசி நிலையின் மின்னழுத்தத்தை 25 மில்லிவோல்டாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் சூப்பர்பொசிஷன் ஓட்டுங்கள். விழுந்தால் 25 திரும்பக் கூட்டுங்கள். இங்கே ஒரு சிக்கல் பலரைக் குழப்பும். மெமரி பகுதியில் மின்னழுத்தம் என்று காட்டுவது மெமரி சிப்புக்கானது இல்லை, கோர் மின்னழுத்தம் அதற்குக் கீழே இறங்காமல் தடுக்கும் அடிவரம்பு. கோரை 1050 என்று வைத்து, மெமரி பகுதியில் 1100 இருந்தால் கார்டு 1100-இலேயே ஓடும். எண்ணை மாற்றியும் சூடு குறையாததற்குக் காரணம் இதுதான். இதே வேலையைச் செய்யும் ஆஃப்டர்பர்னர் நிரலும் அட்ரினலினும் சேர்ந்து அமைப்பை மாற்றக் கூடாது, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் லிமிட்டைக் (மின்வரம்பைக்) கூட்டுவதாக இருந்தால் 20 சதவீதத்தோடு நிறுத்துங்கள். அட்ரினலின் 50 வரை அனுமதித்தாலும், ஒற்றை 8-பின் கார்டுக்கு கேபிளில் 150, ஸ்லாட்டில் 75 என மொத்தம் 225 வாட்தான் வரம்பு. ஜிபியு-இசட் காட்டும் வாட் கணக்கு சிப்புக்கு மட்டுமானது. மெமரி, மின்சுற்று இழப்பு, ஃபேன் எல்லாம் அதற்கு மேல்.

கோரை 20 மெகாஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். 1400 முதல் 1450-க்குள் பெரும்பாலான கார்டுகள் நின்றுவிடும். அதற்கு மேல் ஏற மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும், கிடைக்கும் ஒன்றிரண்டு எஃப்பிஎஸ்ஸுக்கு அந்தச் சூடு கட்டுப்படியாகாது.

இனி நண்பர் சொன்ன மெமரி. பெரும்பாலான பயாஸ்களில் டைமிங் பட்டியல் 2000 வரை ஒன்று, அதற்கு மேல் தளர்வான இன்னொன்று என்று பிரிந்திருக்கும். அதனால் 2010 வைத்தால் 2000-ஐவிட மெதுவாகக்கூட ஓடலாம். நேராக 2050-க்குப் போய், அங்கிருந்து 25 ஆக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே பெஞ்ச்மார்க்கை 3 முறை ஓட்டி, சராசரியை நோட்டில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, 2000-இல் மதிப்பெண் 100 என்றால் 2050-இல் 101, 2100-இல் 102 என்று ஏறி, 2125-இல் 101 என்று திரும்பலாம். திரை அப்போதும் பளிச்சென்று இருக்கும். ஆனால் அங்கே மெமரி பிழை செய்து, திரும்ப அனுப்பி, நேரத்தைத் தின்கிறது. எர்ரர் எண்ணும் அதே இடத்தில் நகரத் தொடங்கியிருக்கும். எர்ரர் வராத கடைசிப் படியிலிருந்து 25 கீழே வைத்து நிறுத்துங்கள். நல்ல சாம்சங் சிப் உள்ள கார்டில் 2200 எட்டலாம். உங்கள் கார்டில் எந்த நிறுவனத்தின் மெமரி என்று ஜிபியு-இசட்டிலேயே தெரியும். மற்றவர் கார்டின் எண்ணை அப்படியே போடுவதில் பயனில்லை.

எல்லாம் சரியாக அமைந்தால் 60 எஃப்பிஎஸ் ஓடிய இடத்தில் 63, 64 வரும். நீங்கள் இப்போது 10-வது நிமிடத்தில் இழப்பதை மீட்பதே இதைவிடப் பெரிய லாபமாக இருக்கும். ரே டிரேசிங் வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய கேம்கள் இதில் ஓடாது, எவ்வளவு ஏற்றினாலும்.

மார்கழிக் குளிரில் தேறிய அமைப்பு சித்திரையில் விழலாம். அறை 25 டிகிரியில் இருந்தபோது 72 காட்டிய கார்டு, அறை 36 ஆகும்போது 83-ஐத் தொடும். கோடை தொடங்கியதும் மெமரி சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள். எர்ரர் எண் நகர்ந்தால் மெமரியில் 25 குறைத்துவிடுங்கள்.