பள்ளித் தோழியுடன் பாரிஸ் போகிறோம். நட்பு கெடாமல் போய்வர என்ன செய்ய வேண்டும்?

"ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவள், இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம், பாரிஸில் ஆறு நாள். விசா, ஹோட்டல், டிக்கெட் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். நெருங்கின சிநேகிதத்தோடு பயணம் போனால் சிநேகிதமே போய்விடும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படிச் சொல்கிறவர்களை விடுங்கள். இந்த மாதிரிப் பயணம் மனக்கசப்பில் முடிகிற இடத்தில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். ஒருத்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள், மற்றவள் கூடவே போவாள். பார்த்துக்கொள்கிறவளுக்கு மூன்றாம் நாள் அலுத்துவிடும். கூடப் போகிறவளுக்குத் தன் விருப்பம் எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும். சின்ன வயதிலிருந்து தெரிந்தவள் என்பதால் இரண்டு பேரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். உங்கள் கேள்வியைப் படித்தால் விசா, ஹோட்டல், டிக்கெட் எல்லாம் நீங்களே பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

கார்டு, டிக்கெட், சிம், காகிதம், காசு எல்லாம் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். "சிநேகிதத்துக்குள்ளே என்ன உன்னுது, என்னுது?" என்று கேட்பவர்கள் வருவார்கள். அவர்களுக்கும் சேர்த்தே ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் விசா. பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் தோழிகளுக்கென்று கூட்டு விண்ணப்பம் கிடையாது. தனித்தனி விண்ணப்பம், தனித்தனி முடிவு. ஒருத்திக்குக் கிடைத்து மற்றவளுக்கு மறுக்கப்படலாம். அந்த நாள் வந்தால் என்ன செய்வது என்று பணம் கட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். தனியாகப் போவதா, இருவருமே ரத்து செய்வதா, ரத்துக் கட்டணம் யார் தலையில்? பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். முடிவு 15 நாளில் வர வேண்டும், 45 நாள் வரைகூட நீளலாம். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. மறுத்தாலும் அது திரும்ப வராது. ஆகவே விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறையாக மட்டும் போடுங்கள்.

காகிதத்தில் அதிகம் பிசகுவது இரண்டு இடத்தில். ஹோட்டல் புக்கிங்கில் முன்பதிவு செய்தவர் பெயர் மட்டும் இருக்கும், கூட வருபவர் "மேலும் 1 நபர்" என்று நிற்பார். அந்தத் தாளைத் தன் விண்ணப்பத்தில் வைக்கும் தோழிக்குத் தங்குமிடச் சான்றே இல்லை என்று ஆகிவிடும். இரண்டு பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்திலேயே வரும்படி ஹோட்டலுக்கு எழுதிக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது வங்கி ஸ்டேட்மென்ட். ஹோட்டல் புக்கிங் இருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லையென்றால் 120 யூரோ கையிருப்பு என்பது பிரான்ஸ் வைத்திருக்கும் கணக்கு. ஆறு நாளுக்கு 390 யூரோ. அது அவரவர் கணக்கில் தெரிய வேண்டும். உங்கள் கணக்கில் இருவருக்கும் போதுமான பணம் இருப்பது அவள் விண்ணப்பத்துக்குத் தானாக உதவாது. இன்சூரன்ஸும் அப்படித்தான். குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுதும் செல்லும்படியாக, ஆளுக்கு ஒரு பாலிசி.

யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம் என்று யோசனை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்காரர் தன் பகுதி நகராட்சியில் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற வரவேற்புச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும், அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். உங்கள் பெயருக்கு வாங்கிய சான்றிதழில் தோழி அடங்க மாட்டாள். அவளுக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இருவருக்கும் ஒரே நாளில் அப்பாயின்ட்மென்ட் தேடும்போது "ஸ்லாட் வாங்கித் தருகிறோம்" என்று இடைத்தரகர்கள் வருவார்கள். கூட்டமான மாதங்களில் இடங்களை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டு விற்கிறார்கள். நேர்மையாகத் தினமும் இணையத்தில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இடமே இல்லை என்று காட்டும். முதல்முறை பயணம் போகிறவர்களின் பதற்றத்தில் சம்பாதிக்கிற இந்த வேலை எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. அதே ஆட்கள்தான் போலி விமான டிக்கெட்டும் தயாரித்துக் கொடுக்கிறார்கள். அது பிடிபட்டால் மறுப்பு உங்கள் பெயரில்தான் பதிவாகும். ஒரே நாள் கிடைக்காவிட்டால் வேறு வேறு நாளில் போங்கள், அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

அறை விஷயத்துக்கு வருகிறேன். 'டபுள்' என்று போட்டிருந்தால் ஒரே கட்டில். பாரிஸில் அது பல இடங்களில் 140 சென்டிமீட்டர் அகலம்தான். 'ட்வின்' என்று போட்டிருந்தால்தான் இரண்டு கட்டில். பிரெஞ்சில் 'தெ லீ' என்பது இரண்டு படுக்கை. ட்வின் கேட்டாலும் இரண்டையும் ஒட்டிப் போட்டு ஒரே விரிப்பு விரித்திருக்கலாம், பிரித்துப் போடச் சொன்னால் செய்வார்கள். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். ஒருத்திக்கு ஐந்து மணிக்கு விழிப்பு வரும், மற்றவள் ஒரு மணி வரை போன் பார்ப்பாள். தூக்கம் கெட்டால் அடுத்த நாள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் குத்தும். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இல்லாமலோ, ஒரு ஆளும் ஒரு பெட்டியும் மட்டும் நுழையும் அளவிலோ இருக்கும். நம் கணக்கில் தரைத்தளம் அங்கே பூஜ்ஜியம், 'நாலாவது மாடி' என்றால் நான்கு மாடி ஏற வேண்டும். ஏசி இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள், கோடையில் அறை வெந்துபோகும். அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு, இரவுக்கு என்று சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள். முகவரியில் அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கம்தான் வட்டார எண். 75011 என்றால் 11ஆம் வட்டாரம். நடுவில் 1இல் தொடங்கி நத்தை ஓடுபோலச் சுற்றிக்கொண்டு 20 வரை போகும்.

இனி மெட்ரோ. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

'நவிகோ ஈஸி' என்ற பிளாஸ்டிக் கார்டு 2 யூரோ. அதில் டிக்கெட்டுகளை ஏற்றிக்கொள்ளலாம். ஒரு கார்டை இருவர் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது. நீங்கள் தட்டி உள்ளே போய்க் கார்டைத் தடுப்புக்கு மேலே நீட்டி அவளும் தட்டலாம் என்றால் நடக்காது. ஒரே தட்டில் இருவர் ஒட்டிக்கொண்டு நுழைந்தால் பரிசோதகர் கையில் கருவியோடு திருப்பத்தில் நிற்பார், அபராதம் அங்கேயே. தெரியாது என்று சொல்வது எடுபடாது. ஆளுக்கு ஒரு கார்டு, வெளியே வரும்வரை கையில். 2025 ஜனவரியில் கட்டண முறையை எளிமையாக்கினார்கள். மெட்ரோ, ஆர்இஆர் என்ற புறநகர் ரயில் எதில் போனாலும் ஒரே டிக்கெட், அந்த ஆண்டு 2.50 யூரோ. பஸ், டிராம் தனி டிக்கெட், 2 யூரோ. ஜனவரிதோறும் கொஞ்சம் ஏறும். மெட்ரோ டிக்கெட்டை வைத்துக்கொண்டு பஸ் ஏற முடியாது. இருவரில் ஒருத்திக்காவது இது மறந்துவிடும்.

வாரச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைக்கானது, வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. வியாழன் போய் இறங்கினால் அது நஷ்டம். திங்கள் இறங்கினால் லாபம். அதற்கு 'நவிகோ தெகூவெர்த்' கார்டு 5 யூரோ, 2.5க்கு 3 சென்டிமீட்டர் புகைப்படம் ஒட்ட வேண்டும். புகைப்படத்தை ஊரிலிருந்தே வெட்டி எடுத்துப் போய்விடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயிலில் ஆளுக்கு 13 யூரோ, அதுவும் 2025 கணக்கு. சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து டாக்சிக்கு நிர்ணயக் கட்டணம் உண்டு. அதே ஆண்டு சேன் நதியின் வலது கரைக்கு 56, இடது கரைக்கு 65 யூரோ, பெட்டிக்குத் தனிக் காசு இல்லை. இருவர் என்றால் 26க்கும் 56க்கும் உள்ள வித்தியாசம்தான் பிரச்சினை. இரவில் இறங்கி இரண்டு பெரிய பெட்டியோடு படி ஏறி இறங்குவதற்கு டாக்சியே மேல் என்பது என் கருத்து. இறங்கும் முன்பே இருவரும் முடிவு செய்துவிடுங்கள். டெர்மினலுக்குள் வந்து "டாக்சி?" என்று கேட்பவனோடு போகவே கூடாது. வெளியே பலகை போட்ட வரிசையில் நில்லுங்கள்.

கதவு மூடி ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே ஆகிவிட்டால்? இதை முதல் நாளே பேசி வையுங்கள். உள்ளே இருப்பவள் அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடையிலேயே நிற்க வேண்டும். வெளியே இருப்பவள் அடுத்த ரயிலில் அங்கே வர வேண்டும். இருவரும் திரும்பி வந்தால் குறுக்கே கடந்துவிடுவீர்கள். 1, 4, 14 தடங்களில் கதவு தானாகத் திறக்கும். பழைய ரயில்களில் ஒரு உலோகக் கொக்கியைக் கையால் மேலே தூக்கினால்தான் திறக்கும், தெரியாமல் கதவு முன்னால் நிற்பவருக்கு ரயில் போய்விடும். சந்திக்கும் இடம் சொல்லும்போது "ஷாத்லே ஸ்டேஷன்" என்று சொல்லாதீர்கள், அது ஒரு ஊர் அளவுக்கு இருக்கும். வெளிவாசல்களுக்கு எண் உண்டு, எண்ணைச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் போன் வேண்டும். ஒருத்தி சிம்மில் மற்றவள் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்வது பிரிந்த அந்த நிமிடத்தில்தான் கைவிடும். இருவருக்கும் தனி இசிம் போடுங்கள்.

பணம். நட்பில் கணக்கா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: கணக்கு எழுதாதபோதுதான் மனதுக்குள் கணக்கு ஓடும். ஒரு பொதுப் பர்ஸ் வையுங்கள், காலையில் இருவரும் சம அளவு யூரோ போடுங்கள். சேர்ந்து சாப்பிடுவது, தண்ணீர், டாக்சி அதிலிருந்து போகட்டும். வாசனைத் திரவியம், பொம்மை எல்லாம் அவரவர் காசு. கார்டில் கொடுத்ததை ஸ்ப்ளிட்வைஸ் மாதிரிச் செயலியில் மேசையை விட்டு எழும் முன் எழுதிவிடுங்கள். ஊர் திரும்பித் தீர்க்கும்போது கூகுளில் தெரியும் யூரோ விலையைப் போடாதீர்கள். கார்டுக்கு வங்கி கூடுதலாகப் போடும் கட்டணம் (மார்க்-அப்) அதில் இருக்காது, கார்டு கொடுத்தவள் சத்தமில்லாமல் அதைச் சுமப்பாள். வங்கி உண்மையில் பிடித்த தொகையை இரண்டாக வகுங்கள். கடையிலோ ஏடிஎம்மிலோ "உங்கள் நாட்டுப் பணத்திலா, யூரோவிலா" என்று திரை கேட்டால் யூரோ. உணவகங்களில் சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது, டிப்ஸ் கட்டாயமில்லை. 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள்.

ஊர் சுற்றுவதில், ஆறு நாளில் இரண்டு அரைநாள் பிரிந்து போங்கள். இதைச் சொன்னால் "அப்புறம் எதற்குச் சேர்ந்து போவது?" என்று கேட்கிறார்கள். லூவர் அருங்காட்சியகத்தில் ஒருத்திக்கு மூன்று மணி நேரம் வேண்டும், மற்றவளுக்கு ஒரு மணியில் கால் வலிக்கும். இழுத்துக்கொண்டு போவதில் இருவருக்கும் சுகமில்லை. லூவர் செவ்வாய் மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கள், வெர்சேல்ஸ் அரண்மனையும் திங்கள். புதனும் வெள்ளியும் லூவர் இரவு 9 மணி வரை, ஓர்சே வியாழன் 9.45 வரை. அந்த மாலைகளைப் பிரிவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஈஃபிள் டவர் லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே இணையத்தில் திறக்கும், உச்சிக்குப் போகும் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டாம் தளம் வரை படியில் ஏறலாம், 674 படி. ஒருத்திக்கு முழங்கால் வலி என்றால் மற்றவள் மட்டும் ஏறட்டும். நோத்ர தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது, உள்ளே போகக் கட்டணம் இல்லை. அதற்கு டிக்கெட் விற்பவன் ஏமாற்றுகிறான்.

சாப்பாட்டில் அலுப்பு வந்து முகம் வாடினால் கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பெல் பகுதிக்கு நடந்து போங்கள். கடைப் பலகைகளே தமிழில் இருக்கும். சைவம் சாப்பிடும் தோழிக்கு அந்த ஒரு வேளை பெரிய ஆறுதல்.

கையில் அட்டையோடு கையெழுத்துக் கேட்டு வருபவர்கள், சக்ரே கேர் தேவாலயப் படியில் மணிக்கட்டில் நூல் கட்ட வருபவர்கள், தரையில் மோதிரம் கண்டெடுத்ததாகக் காட்டுபவர்கள் எல்லாமே கவனத்தைத் திருப்பும் வேலை. ஒருத்தி படம் எடுக்கும்போது இருவர் பையும் ஒருத்தி தோளில் தொங்கும், திருடன் எதிர்பார்ப்பது அதைத்தான். இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். அவளுடைய பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் படம் உங்கள் போனிலும், உங்களுடையது அவள் போனிலும் இருக்கட்டும். தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் நகல் வாங்கிப் பிறகு தூதரகம். அவசர எண் 112.

கடைசி நாள் வரியைத் திரும்பப் பெறுவது. ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். இருவர் பில்லையும் சேர்த்து ஒருத்தி பெயரில் போடலாம் என்று நினைக்காதீர்கள், வாங்கியவர் பாஸ்போர்ட் பெயரில்தான் அந்தப் படிவம் வரும், அவரவர்தான் கொண்டு போக வேண்டும். விமான நிலையத்தில் 'பாப்லோ' இயந்திரத்தில் படிவத்தின் பார்கோடைக் காட்டிப் பச்சைத் திரை வர வேண்டும். பெட்டியை செக்-இன் கொடுக்கும் முன்பே இதை முடியுங்கள், சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் விமானம் மாறினால் இதைக் கடைசியாக வெளியேறும் அந்த நாட்டில் செய்ய வேண்டும். வரிசை நீளமாக இருக்கும், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே அறையை விட்டுக் கிளம்புங்கள்.